வீடு வீடாகக் கேட்டவன்

சிலி நாட்டின் தெற்கே, எங்கள் லியுக்கே தீவில் ஒருவருக்குத் தனியாகச் செய்ய முடியாத வேலை வந்தால், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். உருளைக்கிழங்கு தோண்டவோ, ஆப்பிள் பிழியவோ, கூரை மாற்றவோ, மர வீட்டை அப்படியே இழுத்து வேறு இடத்தில் வைக்கவோ, எதுவாக இருந்தாலும் சரி. வாசலில் நின்று, இன்ன நாள் இன்ன வேலை, உங்கள் கையும் உங்கள் மாடும் வேண்டும் என்று கேட்பார். கேட்டால் போக வேண்டும். கூலி கிடையாது. வேலை முடிந்ததும் கேட்டவர் வீட்டில் எல்லோருக்கும் வயிறு முட்டச் சாப்பாடு. இதற்குத்தான் மிங்கா என்று பெயர். கூப்பிடாமல் மிங்காவுக்கு வந்த ஒரே ஒரு ஆளைத்தான் என் ஐம்பத்தாறு வயதில் பார்த்திருக்கிறேன். அவன் ஓஸ்நெல்.

அவன் ஹைத்திக்காரன். தலைநகரம் சாந்தியாகோவில் இரண்டு வருஷம் சிமெண்ட் மூட்டை தூக்கினான். பிறகு தெற்கே வந்து, எங்களுக்குப் பக்கத்துப் பெரிய தீவில் சிப்பி சுத்தம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கே ஆட்களைக் குறைத்தபோது, எங்கள் விரிகுடாவில் சிப்பி வளர்க்கும் முதலாளி ஒருவர் கயிறுகளையும் மிதவைகளையும் பார்த்துக்கொள்ள அவனை இங்கே கொண்டுவந்து விட்டார். முதலாளி வசிப்பது காஸ்ட்ரோ நகரத்தில். ஓஸ்நெலுக்குப் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு தகர அறை. என் கடையும் துறையில்தான் இருக்கிறது என்பதால், முதுகுப்பையும் ரப்பர் பூட்ஸுமாக அவன் இறங்கி நின்றதை முதலில் பார்த்தவள் நான். ஆறடிக்கு மேல் உயரம், குளிரில் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு நின்றான். எங்கள் தீவில் நாற்பத்தொரு வீடுகள். அத்தனை வீட்டிலும் அன்று சாயங்காலம் அவனைப் பற்றித்தான் பேச்சு.

ஏப்ரலில் என் அண்ணன் எர்னால்டோவின் வயலில் கிழங்கு மிங்கா. எர்னால்டோவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீவிலேயே நல்ல மாடுகள் அவனுடையவை, இரண்டு ஜோடி. பல மாடுகளை ஒரே நேரத்தில் இழுக்க வைக்கக் குரல் கொடுப்பவனும் அவன்தான். கை சுத்தம், வாய்தான் சவரக் கத்தி. அன்று காலை நாங்கள் வரிசை பிரித்துக்கொண்டிருந்தபோது ஓஸ்நெல் யாரிடமோ இரவல் வாங்கிய மண்வெட்டியோடு வயல் ஓரத்தில் வந்து நின்றான். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடைசி வரிசை காலியாக இருந்தது, அதில் இறங்கினான். முதல் மண்வெட்டிக்கே கிழங்கு இரண்டாகப் பிளந்தது. அடுத்ததும் அப்படியே.

"ஏம்ப்பா, நீ கிழங்கு தோண்டுறியா, மீன் குத்துறியா?" என்று எர்னால்டோ கேட்டான். வயலே சிரித்தது. ஓஸ்நெலும் சிரித்தான். பிறகு பக்கத்து வரிசையில் இருந்த என் அண்ணி எடிதாவின் கையைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தான். மத்தியானத்துக்குள் அவன் கிழங்கைக் காயப்படுத்தாமல் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுக்குப் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு நீளமாக மேசை. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஓஸ்நெல் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தான்.

"தேச்சுத் தேச்சுக் கையையே கரைச்சிருவ போலிருக்கே," என்றாள் எடிதா. "வந்து உக்காரு."

வந்து ஓரத்தில் உட்கார்ந்தான். தட்டைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் பலகை மேல் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அவர்கள் ஊர் ஜெபம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்த எல்லா மிங்காவுக்கும் அவன் வந்தான். யார் வீட்டில் என்றைக்கு என்பதெல்லாம் என் கடையில்தான் பேசப்படும், காதில் விழும், வந்துவிடுவான். இரண்டாம் வருஷம் கூரையில் மர ஓடு அடிக்கக் கற்றுக்கொண்டான். மூன்றாம் வருஷம் மாட்டுக்கு நுகம் கட்டினான். எங்கள் பிள்ளைகளின் பெயர், நாய்களின் பெயர், யாருக்கு எந்த முழங்கால் வலிக்கிறது என்பது வரை அவனுக்குத் தெரியும். "இவனைக் கூப்பிடவே வேணாம், அடுப்புப் புகையைப் பாத்தா வந்துருவான்" என்று எர்னால்டோ அவன் காதுபடவே சொல்லுவான். ஓஸ்நெல் அதற்கும் சிரிப்பான். தீவில் அவனைத் திட்டியவர்கள் யாரும் இல்லை. மிங்கா இல்லாத நாளில் தன் வீட்டுக்குள் கூப்பிட்டவர்களும் யாரும் இல்லை. நானும் கூப்பிடவில்லை.

குளிர்காலத்தில், ஜூன் ஜூலையில், எங்கள் பக்கம் மழை பிடித்தால் மூன்று வாரம் விடாது. அப்போது அவன் தினமும் கடைக்கு வந்து ஒரு தீப்பெட்டி வாங்குவான். ஒரே ஒரு தீப்பெட்டி. வாங்கிவிட்டு என் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சட்டை காயும்வரை ஏதாவது பேசுவான். ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு ஒரு தீப்பெட்டி எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடுப்பின் மேல் கெண்டி கொதித்துக்கொண்டிருக்கும், நான் மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருப்பேன். அவனுக்கும் ஒரு வாய் நீட்டியிருக்கலாம். நான் கணவனை இழந்தவள், அவன் வாலிபன், துறையில் நின்று பார்க்கிறவர்களுக்கு நாக்கு நீளம். இப்படி ஒரு காரணம் வைத்திருந்தேன். நல்ல காரணம் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அவன் வந்து நான்காம் குளிர்காலம். வடக்கு முனையில், தனியாக வாழ்ந்த ஓர்ஃபெலினாவின் வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, எல்லாம் பழைய நல்ல மரம். ஆனால் வருஷா வருஷம் கடல் கரையை அரித்து அரித்து, வீட்டுக்கும் சரிவுக்கும் நடுவில் பத்தடிகூட மிச்சமில்லை. ஜூலைப் புயலில் அவள் கூரையின் ஒரு பக்கம் பறந்தது. காற்று அடங்குவதற்கு முன்பே ஓஸ்நெல் ஏணியோடு போய் ஏறிவிட்டான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. துறையிலிருந்து கூரை தெரிந்ததாம், ஓட்டை தெரிந்ததாம், போனானாம்.

வசந்தம் வந்ததும் ஓர்ஃபெலினா புந்தா அரேனாஸ் நகரத்தில் இருக்கும் மகளோடு போய் இருக்க முடிவு செய்தாள். ஒரு நாள் கடையில் ஐந்தாறு பேர் இருந்தபோது ஓஸ்நெலைப் பார்த்துச் சொன்னாள். "வீட்டை நீ எடுத்துக்கோ. மண்ணு என் புருஷன் வழி ஆளுங்களோடது, அதைக் குடுக்க எனக்கு உரிமை இல்ல. வீடு என்னோடது. அடுத்த குளிருக்குள்ள நகத்தலைன்னா கடல் எடுத்துக்கும். கடலுக்குக் குடுக்கறதுக்கு உனக்கே குடுக்கறேன்."

ஓஸ்நெல் நன்றி என்று சொன்னான், தீப்பெட்டியை மறந்து வெளியே போனான்.

மூன்று நாள் கழித்து வந்தான். எதுவும் வாங்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தான். நான் முக்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தேன். மாத்தே ஊற்றி நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினான்.

"அக்கா, வீடு இருக்கு. வைக்க இடமில்ல."

"உனக்கு வீடு எதுக்குப்பா? அந்தத் தகர அறைக்கு என்ன குறை?"

உறிஞ்சி முடித்துக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். அப்போதுதான் முதல்முறையாக அவன் கதையைச் சொன்னான். ஆறு வயதில் அம்மா இறந்துவிட்டாள். அப்பா யாரென்று தெரியாது. ஊரில் இருந்த அத்தை அவனைப் பட்டணத்தில் ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பள்ளிக்கூடம் அனுப்புவோம், வீட்டு வேலை செய்யட்டும் என்று பேச்சு. பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. தண்ணீர் சுமந்தான், துணி துவைத்தான், அந்த வீட்டுப் பிள்ளைகளின் செருப்பைத் துடைத்தான்.

"அவங்க எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் எனக்குக் கொல்லையில தருவாங்க. நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். அடிக்கல்லாம் இல்ல, பொய் சொல்லக் கூடாது. ஆனா பதினொரு வருஷத்துல ஒரு தடவைகூட மேசையில உக்காருன்னு சொன்னதில்ல. சாந்தியாகோல ஒரே அறையில பன்னெண்டு பேரு இருந்தோம். அங்கயும் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு மூலை. உங்க அண்ணன் வயல்லதான் முதமுதல்ல மேசையில உக்காந்தேன். எனக்கு அப்ப முப்பது வயசு."

நான் கோப்பையை மறுபடி நிரப்பி அவனிடம் நீட்டினேன்.

"எல்லார் வீட்டு மேசையிலயும் சாப்பிட்டேன் அக்கா. என் வீட்டுல ஒரு மேசை இருக்கணும். அதுல நீங்க எல்லாரும் வந்து உக்காரணும். அதுக்குத்தான் வீடு."

கடைக்குப் பின்னால், கொட்டகையைத் தாண்டி எனக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. காஞ்சொறிச் செடி முளைத்திருந்தது, வேறொன்றும் இல்லை. அதைத் தருகிறேன் என்றேன். அவன் எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்தான்.

"வடக்கு முனையிலேர்ந்து இங்க கொண்டுவரணும்னா கடல் வழியாத்தான் வரணும். கரைக்கு இறக்க மாடு வேணும், இழுக்கப் படகு வேணும், இந்தப் பக்கம் ஏத்த மறுபடி மாடு வேணும். நீ மிங்கா கேக்கணும்," என்றேன்.

"நீங்க கேட்டா எல்லாரும் வருவாங்களே அக்கா."

"நான் கேட்டா அது என் மிங்கா. வீடு உன்னோடதுன்னா வாயும் உன்னோடதா இருக்கணும்."

"எனக்குக் கேக்க என்ன உரிமை இருக்கு?"

"கேட்டுப் பாரு," என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் தீவு முழுவதும் நடந்தான். அவனிடம் தொப்பி இல்லை, கம்பளிக் குல்லாய்தான். அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்று கேட்டான். எங்கள் பெரியவர்கள் கேட்கிற அதே வார்த்தைகள், அதே வரிசையில். முதலில் வீட்டில் எல்லோரும் சுகமா, அடுத்தது மாடு சுகமா, அதற்கப்புறம்தான் விஷயம். நான்கு வருஷமாக என் கடை வாசலில் மற்றவர்கள் வந்து சொன்னதை அப்படியே மனதில் வாங்கி வைத்திருந்தான். உச்சரிப்பு மட்டும் அவனுடையது. பல வீடுகளில் "பாப்போம்" என்றார்கள். எங்கள் தீவில் பாப்போம் என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்றுதான் அர்த்தம். அவனுக்கும் அது தெரியும். எல்லா வீட்டிலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தான்.

எர்னால்டோவின் வீட்டுக்கு அவன் வந்தபோது நான் அங்கே இருந்தேன். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து நுகத்தடிக்கு வார் முறுக்கிக்கொண்டிருந்தான். ஓஸ்நெல் சுகம் விசாரித்தான், மாட்டை விசாரித்தான், ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை, கடல் நன்றாக ஏறுகிற பெரிய ஓதம், என்றான்.

எர்னால்டோ தலை நிமிரவில்லை. "மிங்கா கேக்கறது எங்க வழக்கம். என் தாத்தன் உன் தாத்தனுக்கு இழுத்தான், உன் தாத்தன் என் தாத்தனுக்கு இழுத்தான்னு வர்றது. உன் தாத்தன் இங்க எந்த மாட்டை ஓட்டினான்?"

"எனக்குத் தாத்தன் யாருன்னே தெரியாது அண்ணே."

"அப்புறம் என்ன?"

"உங்க வயலுக்கு நாலு வருஷம் வந்தேன்னு சொல்லிக் கேக்க வரலை. அது நான் ஆசைப்பட்டு வந்தது. இப்ப கேக்கறதும் ஆசைப்பட்டுத்தான் கேக்கறேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்." குல்லாயைத் தலையில் வைத்தான். "கறுப்பு மாட்டுக்கு இடது குளம்புல வெடிப்பு இருக்கு, பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் வேலி தாண்டியதும் எர்னால்டோ எழுந்து போய்க் கறுப்பு மாட்டின் காலைத் தூக்கிப் பார்த்தான். வெடிப்பு இருந்தது. அதனால் அவன் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓர்ஃபெலினாவின் வீட்டு வாசலில் மூன்று பேர் இருந்தோம். ஓஸ்நெல், நான், எடிதா. அண்ணி தன் பெரிய பானையைத் தலையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். "மாடு அவரோடது. கை என்னோடதுதானே," என்றாள். ஓஸ்நெல் வீட்டுக்கு அடியில் இரண்டு நீளமான மரங்களைச் சறுக்குக் கட்டைகளாக ஏற்கெனவே கட்டியிருந்தான். சுற்றிலும் நீல மிதவைகள், சிப்பிக் கயிறுக்குப் பயன்படுகிறவை. முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தான். ஏழரை ஆயிற்று. அவன் ஏற்கெனவே இறுக்கியிருந்த முடிச்சுகளை மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தான்.

முதலில் மேட்டில் ரோசமெல் தெரிந்தான். போன வருஷம் அவன் கொட்டகைக் கூரைக்கு ஓஸ்நெல் மூன்று நாள் வேலை செய்திருந்தான். ரோசமெல் அதிகம் பேசாதவன், மாடுகளும் அவனைப் போலவே. "எங்க கட்டட்டும்?" என்று மட்டும் கேட்டான். அவனுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி வந்தது. பிறகு கயிற்றோடு ஆட்கள், பிள்ளைகளோடு பெண்கள். 'பாப்போம்' என்று சொன்ன வீடுகளிலிருந்துகூட வந்தார்கள். எட்டு மணிக்கு ஐந்து ஜோடி மாடுகளும், கீழே கடலில் மூன்று படகுகளும், முப்பதுக்கு மேல் ஆட்களும் இருந்தார்கள். ஓஸ்நெல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றான். குரல் தெளிவாகத்தான் இருந்தது, கைகள் மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் அலைந்தன.

எட்டு ஜோடி வேண்டிய வேலை அது. குரல் கொடுக்க எர்னால்டோவும் இல்லை. ரோசமெல் தனக்குத் தெரிந்தபடி குரல் கொடுத்தான். வீடு முனகியது, அசைந்தது, நகர்ந்தது. சரிவின் விளிம்புவரை நன்றாகத்தான் வந்தது. அங்கே முன்னால் மாடுகள் இழுக்க, பின்னால் ஆட்கள் கயிற்றால் வீட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்க வேண்டும். பாதிச் சரிவில் பின்கயிறு ஒன்று அறுந்தது. வீடு ஒரு பக்கமாகத் திரும்பிச் சறுக்கி, முன்னால் போன ரோசமெல்லின் ஜோடியை இடித்துச் சேற்றில் தள்ளியது. இரண்டு மாடுகளும் விழுந்தன. நுகத்தின் சங்கிலி சறுக்குக் கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது, விழுந்த மாடுகளின் வயிற்றைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

மிச்சமிருந்த ஒரே பின்கயிறுதான் வீட்டை நிறுத்தியிருந்தது. அது நிறுத்தியிருக்கும்வரை கட்டை சங்கிலியை விட்டு நகராது. கயிற்றை வெட்டினால் வீடு தானாகச் சறுக்கிவிடும், மாடுகள் தப்பிக்கும். ஆனால் கீழே இடது பக்கம் பாறைகள். வீடு அங்கே மோதினால் விறகுதான். எல்லோருக்கும் இது தெரிந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. அது அவன் வீடு.

"நான் சொன்னதும் வெட்டுங்க," என்று ஓஸ்நெல் சொன்னான். மேலே கயிற்றடியில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த ரோசமெல்லிடம் தன் கோடரியைக் கொடுத்துவிட்டு, சரிந்து நின்ற வீட்டுக்கும் மாடுகளுக்கும் நடுவே தொடையளவு தண்ணீரில் இறங்கினான். சங்கிலியின் முளையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டை நகர்கிற அந்த நொடியில் யாராவது முளையைப் பிடுங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் வீடு மாடுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

"ஓஸ்நெல், வீடு போயிரும்," என்றான் ரோசமெல்.

"தெரியும். வெட்டுங்க."

ரோசமெல் வெட்டினான். வீடு ஒரு பெரிய பெருமூச்சு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. ஓஸ்நெல் தண்ணீருக்குள் போனதுதான் தெரிந்தது. எடிதா என் கையை நகம் பதியப் பிடித்தாள். பிறகு மாடுகள் உதறிக்கொண்டு எழுந்தன, கூடவே அவனும் எழுந்தான், கையில் இரும்பு முளை. வீடு பாறையை உரசிக்கொண்டு கடலில் விழுந்து, ஒரு ஜன்னல் நொறுங்கி, ஒரு மூலை தண்ணீருக்குள் அமிழ்ந்து, குடித்தவன் சாய்கிற மாதிரி சாய்ந்து நின்றது. மிதந்தது. எவ்வளவு நேரம் மிதக்கும் என்றுதான் தெரியவில்லை.

அப்போது மேட்டின் மேலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்த வடக்குப் பக்கம் மிதவை கட்டினவன் எவன்டா? கட்டினவன் கையை உடைக்கணும்."

எர்னால்டோ. தன் இரண்டு ஜோடி மாடுகளோடு நின்றான். எப்போதிலிருந்து அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தானோ தெரியாது. கத்திக்கொண்டே இறங்கினான், படகுக்காரர்களைத் திட்டினான், ரோசமெல்லைத் திட்டினான், இரண்டு மிதவைகளை அவிழ்த்து அமிழ்ந்த மூலைக்கு மாற்றச் சொன்னான். பத்து நிமிஷத்தில் வீடு நிமிர்ந்தது. பிறகு ஓஸ்நெலிடம் வந்தான். அவன் உதடு நீலமாகி நடுங்கிக்கொண்டிருந்தது, முழங்கையிலிருந்து ரத்தம்.

"அறிவிருக்காடா உனக்கு? வீட்டை விட்டுட்டு எவனாவது மாட்டைப் புடிப்பானா?"

"மாடு ரோசமெல் அண்ணனோடது," என்றான் ஓஸ்நெல். "வீடு என்னோடதுதானே."

எர்னால்டோ தன் மேல்சட்டையைக் கழற்றி அவன் மேல் எறிந்தான். "போத்திக்கிட்டுப் படகுல ஏறு. உன் வீடு கடல்ல போகுது, நீ இங்க நின்னு குளிர் காயுற."

மூன்று படகுகள் வீட்டை இழுத்தன. ஓர்ஃபெலினா விட்டுப்போன பூப்போட்ட திரை உடைந்த ஜன்னலில் ஆடிக்கொண்டே விரிகுடாவைக் கடந்தது. நாங்கள் கரையோரமாகவே நடந்து வந்தோம். மூன்று மணிக்கு என் கடைக்குக் கீழே கரை தட்டியது. அதற்குள் மாடுகளைச் சுற்றுவழியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். இப்போது ஏழு ஜோடி, எர்னால்டோவின் குரல். அவன் குரல் கொடுத்தால் எனக்கே இழுக்கத் தோன்றும். ஐந்து மணிக்கு வீடு என் கொட்டகைக்குப் பின்னால், காஞ்சொறிச் செடிகள் மேல் உட்கார்ந்துவிட்டது. கொஞ்சம் கடல் பக்கம் சாய்வு, கதவைச் சரியாகச் சாத்த முடியவில்லை, ஒரு ஜன்னல் இல்லை. வீடு வீடாகவே இருந்தது.

எங்கள் மிங்காவில் இறைச்சியும் கிழங்கு அடையும்தான் வழக்கம். ஓஸ்நெல் அதோடு முந்தின ராத்திரியே நான்கு பானையில் பூசணிக்காய் சூப் வைத்திருந்தான். மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், நூடுல்ஸ் எல்லாம் போட்டு மஞ்சளாக, காரமாக. எர்னால்டோ கிண்ணத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தேகமாகப் பார்த்தான்.

"இது என்னடா?"

"எங்க ஊர்ல வருஷப் பிறப்புக்கு எல்லார் வீட்டுலயும் இதைத்தான் குடிப்பாங்க அண்ணே. அந்த வீட்டுல பூசணி வெட்டுறது நான்தான். பதினொரு வருஷம் வெட்டினேன், மேசையில உக்காந்து குடிச்சதில்ல. அதான் இன்னைக்கு வெச்சேன்."

எந்த வீடு என்று எர்னால்டோவுக்குத் தெரியாது. ஆனால் கேட்கவில்லை. குடித்தான். மறுபடி நீட்டினான். மூன்று கிண்ணம் குடித்ததை நான் பார்த்தேன்.

ஓஸ்நெல் கரண்டியோடு சுற்றிக்கொண்டே இருந்தான். அவன் வீட்டுக்குள் இருந்த ஓர்ஃபெலினாவின் பழைய மேசை போதாமல் வாசலில் பலகை போட்டிருந்தோம். யாருக்குக் கிண்ணம் காலியானாலும் அவன் அங்கே இருந்தான். கடைசியில் அவன் ரோசமெல்லைக் கடந்து போனபோது, ரோசமெல் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்கார வைத்தான். மாட்டைப் பற்றி எதிரில் இருந்தவனோடு பேசிக்கொண்டிருந்ததை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். பேச்சு ஓஸ்நெலின் தலைக்கு மேலாகப் போய் வந்துகொண்டிருந்தது. எடிதா அவன் முன்னால் ஒரு கிண்ணம் வைத்தாள். அவன் குனிந்து குடிக்க ஆரம்பித்தான், நிமிரவே இல்லை. தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் அழுகிறான் என்று தெரிந்தது.

"டேய், சூப்புல உப்பு ஏத்தாத," என்றான் எர்னால்டோ. "சரியாத்தான் இருக்கு."

மேசை சிரித்தது. அவனும் அழுதுகொண்டே சிரித்தான். பிறகு எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஓர்ஃபெலினா போன பிறகும் மிங்கா கேட்கிறவர்கள் நாற்பத்தொரு வீட்டுக்குத்தான் போகிறார்கள். அவன் வாசலிலும் தொப்பியைக் கழற்றி நிற்கிறார்கள். ரோசமெல்லின் பேத்திக்கு அவன் ஞானத்தகப்பன். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுவிட்டான். கதவை இன்னும் சரியாகச் சாத்த முடியாது, சரிசெய்ய முயற்சி செய்ததாகவும் தெரியவில்லை.

போன ஏப்ரலில் எர்னால்டோவின் பன்றி வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓஸ்நெலின் கிழங்குத் தோட்டத்தில் புகுந்து இரண்டு வரிசையைத் தின்றுவிட்டது. வேலி லட்சணம் சரியில்லை என்று அண்ணன், பன்றி வளர்ப்பு லட்சணம் சரியில்லை என்று இவன். துறை வரைக்கும் கேட்கிற சண்டை. பதினொரு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பதினொன்றாம் நாள் ஓஸ்நெல் கடைக்கு வந்து முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"உங்க அண்ணன் என்ன மனுஷன் அக்கா? பதினொரு நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாரு."

"அம்மாவோட தையல் மெஷினுக்காக என்கிட்ட ஆறு வருஷம் பேசலை அவன். உனக்குப் பதினொரு நாள்தானே."

"ஆறு வருஷமா?" என்று கொஞ்சம் சமாதானமானான். பிறகு மத்தியானம் வரை உட்கார்ந்து என் அண்ணனின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். கஞ்சத்தனம், பிடிவாதம், குறட்டை, ஆப்பிள் பிழியும்போது தானே முதலில் குடித்துப் பார்ப்பது. விட்டுப்போனதை நான் சேர்த்தேன். அவ்வளவு கோபத்திலும் அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை எர்னால்டோ அந்தப் பன்றியை அறுத்து, ஒரு தொடையை எடிதாவின் பெரிய பானையில் வைத்து ஓஸ்நெல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். மன்னிப்பு என்று ஒரு சொல்லும் கூட வரவில்லை. ஓஸ்நெல் தொடையை எடுத்துக்கொண்டான். வந்த பானையை வெறுமனே அனுப்பக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். பன்றி கடித்துப் போட்டிருந்த கிழங்குகளாகப் பார்த்துப் பொறுக்கி, விளிம்புவரை நிரப்பித் திருப்பி அனுப்பினான்.